வலிக்கு அளவுகோல் தேடியவர்கள்

மனித உடலால் 45 'டெல்' வலியைத்தான் தாங்க முடியும், பிரசவத்தில் ஒரு பெண் 57 டெல் வலியைத் தாங்குகிறாள், அது ஒரே நேரத்தில் 20 எலும்புகள் முறிவதற்குச் சமம். அன்னையர் தினம் வந்தால் இந்தச் செய்தி வாட்ஸ்அப் குடும்பக் குழுக்களைச் சுற்றி வரும். தாய்பட்ட வலியை மதிக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் பலரும் இதை அனுப்புகிறார்கள். ஆனால் செய்தி முழுப் பொய். டெல் என்று ஓர் அலகு உலகில் எங்கும் கிடையாது. எலும்பு முறிவோடு பிரசவ வலியை எண்ணிக்கையில் ஒப்பிட்ட ஆய்வும் கிடையாது.

பெயரில் இதை ஒட்டிய ஒன்று உண்மையில் இருந்தது. 'டோல்' என்ற அந்த அலகை 1940களில் நியூயார்க்கில் ஜேம்ஸ் ஹார்டி, ஹரோல்ட் உல்ஃப், ஹெலன் குடெல் ஆகிய மூவரும் உருவாக்கினார்கள். நெற்றியில் கரி பூசி, அதன் மேல் சக்திவாய்ந்த விளக்கின் வெப்பத்தைச் சில விநாடிகள் குவிப்பார்கள். வெப்பத்தைப் படிப்படியாகக் கூட்டி, வலி எங்கே தொடங்குகிறது, எங்கே அதற்கு மேல் கூடாமல் நிற்கிறது என்று குறித்துக்கொள்வார்கள். அப்படிக் கிடைத்த ஏணியின் உச்சிப்படி பத்தரை டோல். மேல்படிகளுக்குப் போனால் தோல் வெந்து கொப்புளம் போட்டுவிடும்.

இந்த ஏணியைக் கொண்டு எந்த நோயின் வலியையும் அளந்துவிடலாம் என்று ஹார்டி நம்பினார். மகப்பேறு மருத்துவர் கார்ல் ஜாவெர்ட்டுடன் சேர்ந்து பிரசவ அறைக்கே கருவியைக் கொண்டுபோனார். இடுப்பு வலி ஒரு முறை வந்து தணிந்ததும், அடுத்தது வருவதற்குள், அந்தப் பெண்ணின் கையில் வெப்பத்தைப் பாய்ச்சுவார்கள். இப்போது வந்துபோன வலி இந்தச் சூட்டைவிடக் கூடுதலா, குறைவா என்று கேட்பார்கள். 1949ல் முடிவு வெளியானது. கருப்பை வாய் திறக்கத் திறக்க வலி கூடிக்கொண்டே போகிறது, குழந்தை வெளிவரும் நேரத்தில் ஏணியின் உச்சியைத் தொடுகிறது என்றார்கள்.

பிள்ளை பெற்றுக்கொண்டிருக்கும் பெண்ணின் கையைச் சுடலாம் என்று ஒரு மருத்துவமனை அனுமதித்ததை இன்று படிக்கையில் எனக்குக் கோபம்தான் வருகிறது. அறமில்லாத செயல் என்பது ஒருபுறமிருக்க, அறிவியலாகவும் அது நிற்கவில்லை. மற்ற ஆய்வுக்கூடங்களால் டோல் அளவுகளைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. சில ஆண்டுகளில் அலகு வழக்கொழிந்தது. கருவி பழுதாகி அது தோற்கவில்லை. கையில் படும் சூட்டையும் கருப்பையிலிருந்து கிளம்பும் வலியையும் ஒரே தராசில் நிறுக்கலாம் என்ற எண்ணமே தவறாக இருந்தது.

ஏன் என்று புரிய, உடலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். பிரசவத்தின் முதல் கட்டத்தில் கருப்பைத் தசை சுருங்கிச் சுருங்கி, மூடியிருக்கும் கருப்பை வாயை மேலே இழுக்கிறது. அது மெலிந்து, பத்து சென்டிமீட்டர் வரை திறக்க வேண்டும். அந்த இழுப்பையும் விரிவையும் மெல்லிய, மெதுவாகச் செய்தி கடத்தும் நரம்பிழைகள் தண்டுவடத்துக்கு எடுத்துச் செல்கின்றன. அவை போய்ச் சேரும் இடம் நடுமுதுகின் அடிப்பகுதி. இடுப்பு, அடிவயிறு, தொடை ஆகியவற்றின் தோலிலிருந்து வரும் நரம்புகளும் அங்கேயே சேர்கின்றன. எது எங்கிருந்து வந்தது என்று மூளையால் சரியாகப் பிரித்தறிய முடிவதில்லை. கருப்பை சுருங்கும்போது நம் பெண்கள் 'இடுப்பு வலி கண்டுவிட்டது' என்று சொல்வதற்குக் காரணம் இந்தக் கலப்புதான். வலி எங்கே என்று கேட்டால் ஒற்றை விரலால் தொட்டுக் காட்ட முடியாது. உள்ளங்கையை விரித்து முதுகைச் சுற்றித் தடவித்தான் காட்டுவார்கள்.

இரண்டாம் கட்டத்தில், குழந்தையின் தலை இறங்கிப் பிறப்புறுப்பை விரிக்கும்போது, வலியின் குணமே மாறுகிறது. இப்போது செய்தி வேகமாகக் கடத்தும் வேறு நரம்புகள் வழியாகத் தண்டுவடத்தின் அடிக்கோடிக்குப் போகிறது. வலி கூர்மையாக, எரிச்சலாக, இன்ன இடம் என்று தெளிவாகத் தெரியும். முக்க வேண்டும் என்ற அடக்க முடியாத உந்துதலும் சேர்ந்துகொள்கிறது. முதல் கட்டத்தில் 'எதுவும் செய்ய முடியாமல் கிடந்தேன்' என்ற பெண்ணே, இரண்டாம் கட்டத்தில் 'இப்போது நான் ஏதோ செய்கிறேன்' என்ற தெம்பு வந்ததாகச் சொல்வதுண்டு. அதற்கு மாறாக, இந்தக் கட்டம்தான் கொடுமை என்று சொல்கிறவர்களும் உண்டு.

பல வலிகளுக்கு இல்லாத ஒரு குணம் இதற்கு உண்டு. இடைவெளி. தீவிரமான கட்டத்தில்கூட வலி ஒரு நிமிடம் ஏறி இறங்கி, அடுத்தது வரச் சில நிமிடங்கள் ஓய்கிறது. அந்த ஓய்வில் சிலர் கண்ணயர்ந்துவிடுகிறார்கள். ஆக்சிடோசின் ஹார்மோன் சுருக்கத்தைத் தூண்டுகிறது. வலி கூடக்கூட உடலே சுரக்கும் எண்டார்ஃபின் என்ற வலி தணிப்பானின் அளவும் இரத்தத்தில் ஏறுகிறது. வலியை வரவைக்க டிரிப்ஸ் ஏற்றும்போது சுருக்கங்கள் நெருங்கி வருவதால் ஓய்வு குறைந்துவிடுகிறது. 'ஊசி போட்டு வரவழைத்த வலி தனி' என்று பெண்கள் சொல்வதை மருத்துவர்கள் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்ட பிரசவங்களில் வலி மருந்தின் தேவையும் கூடுவது ஆய்வுகளில் தெரிந்ததுதான்.

நரம்பு வழியை மட்டும் தெரிந்துகொண்டால் வலியைப் புரிந்துகொண்டதாகாது என்று முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் ஹென்றி பீச்சர். இரண்டாம் உலகப் போரில் இத்தாலியப் போர்முனையில் பணிபுரிந்த அமெரிக்க மயக்க மருத்துவர். படுகாயமடைந்து வந்த வீரர்களிடம் வலி மருந்து வேண்டுமா என்று கேட்டபோது, ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் வேண்டாம் என்றார்கள். அந்த வீரர்களுக்குக் காயம் என்றால் உயிர் பிழைத்து ஊர் திரும்புவது. ஒரு வலிக்கு என்ன பொருள் இருக்கிறது என்பதைப் பொறுத்து அதை உணர்வதும் மாறுகிறது என்று 1946ல் அவர் எழுதினார்.

அதன் பின் ரொனால்ட் மெல்சாக் வந்தார். மான்ட்ரியலின் மெகில் பல்கலைக்கழக உளவியலாளர். 1965ல் பேட்ரிக் வாலுடன் சேர்ந்து அவர் முன்வைத்த கோட்பாடு, வலிச் செய்தி தண்டுவடத்தில் ஒரு வாயிலைத் தாண்டித்தான் மூளைக்குப் போகிறது என்றது. தொடுதல், அழுத்தம் போன்ற பிற உணர்வுகள் அந்த வாயிலை ஓரளவு சாத்தும். மூளையும் மேலிருந்து ஆணையிட்டு அதைத் திறக்கலாம், மூடலாம். இடுப்பை அழுத்திப் பிடித்துவிடுவதும் வெந்நீர் ஊற்றுவதும் ஏன் இதம் தருகின்றன என்பதற்கு ஒரு விளக்கம் கிடைத்தது. பயமும் தனிமையும் ஏன் வலியைப் பெருக்குகின்றன என்பதற்கும்தான்.

மெல்சாக் செய்த இன்னொன்று அதைவிட எளிமையானது. நோயாளிகள் வலியைச் சொல்ல என்னென்ன சொற்களைப் பயன்படுத்துகிறார்கள் என்று பல ஆண்டுகள் சேகரித்தார். குத்துகிறது, பிழிகிறது, சுண்டி இழுக்கிறது, சோர வைக்கிறது, பயமுறுத்துகிறது என்பன போன்ற சொற்களை வகைப்படுத்தி, 1975ல் ஒரு கேள்வித்தாளாக வெளியிட்டார். விளக்கும் வெப்பமும் தேவைப்படாத அளவீடு அது. வலிப்பட்டவரைச் சொல்ல வைத்து, அவர் சொன்னதைக் கணக்கில் எடுப்பது.

அந்தக் கேள்வித்தாளோடு அவர் குழு பிரசவ அறைகளுக்குப் போனது. தலைப்பிரசவப் பெண்கள் சொன்ன வலியின் சராசரி, நாள்பட்ட முதுகு வலியையும் புற்றுநோய் வலியையும் தாண்டி நின்றது. விரல் துண்டிக்கப்படும் வலி போன்ற மிகச் சிலவே அதற்கு மேலே இருந்தன. ஆனால் என்னைப் பொறுத்தவரை சராசரியைவிட முக்கியம், ஆளுக்கு ஆள் இருந்த வேறுபாடு. முதல்முறை பெற்றவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் வலி குறைவாகவே இருந்தது என்றார். முன்பே பெற்றிருந்தவர்களில் கிட்டத்தட்ட நால்வரில் ஒருவர் அப்படிச் சொன்னார். மறுமுனையில், தலைப்பிரசவக்காரர்களில் ஐவரில் ஒருவருக்கு மேற்பட்டோர் தாங்கவே முடியாத கொடுமை என்றார்கள். மாதவிடாயின்போது கடும் வலி காண்பவர்களுக்குப் பிரசவத்திலும் வலி கூடுதலாக இருந்தது. மூச்சுப் பயிற்சி வகுப்புகளுக்குப் போனவர்களுக்கு வலி குறைந்தது உண்மை. குறைந்த அளவு சிறியது. 1984ல் இந்த முடிவுகளைத் தொகுத்தபோது, வலியே இல்லாத பிரசவம் என்பது கட்டுக்கதை என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார்.

அந்தக் கதையைப் பரப்பியவர்களில் முதன்மையானவர் கிரான்ட்லி டிக்-ரீட் என்ற ஆங்கிலேய மருத்துவர். லண்டனின் ஏழைப் பகுதியான ஒயிட்சாப்பலில் ஒரு பெண் குளோரோஃபார்ம் வேண்டாம் என்று மறுத்து, வலிக்கவில்லை என்று சொன்னது அவரை யோசிக்க வைத்ததாம். பயம் தசையை இறுக்குகிறது, இறுக்கம் வலியைக் கூட்டுகிறது, வலி மேலும் பயத்தைக் கூட்டுகிறது என்பது அவர் கோட்பாடு. 1933ல் முதல் நூலையும் 1940களில் மிகப் பிரபலமான நூலையும் எழுதினார். அவர் சொன்னதில் கணிசமான உண்மை இருக்கிறது. பயத்தில் சுரக்கும் அட்ரினலின் கருப்பைச் சுருக்கத்தைத் தடுமாற வைக்கும். நார்வேயில் 2,206 பெண்களைப் பின்தொடர்ந்து 2012ல் வெளியான ஆய்வில், பிரசவத்தை மிகவும் அஞ்சியவர்களுக்கு அது சராசரியாக ஒன்றரை மணி நேரம் கூடுதலாக நீண்டது. வேறு காரணங்களைக் கழித்துப் பார்த்தபோதும் 47 நிமிட வேறுபாடு எஞ்சியது.

டிக்-ரீட் தவறியது இரண்டு இடங்களில். பயம் போனால் வலியும் போகும் என்று அவர் வாக்களித்தார். வலி போகாதபோது, ஒழுங்காகப் பயிற்சி செய்யவில்லை, மனதைத் தளர்த்தவில்லை என்று பழி அந்தப் பெண்ணின் தலையில் விழுந்தது. இரண்டாவது தவறு இன்னும் மோசமானது. நாகரிகம் தொடாத பழங்குடிப் பெண்களுக்குப் பிரசவம் வலிப்பதில்லை என்று அவர் நம்பினார். அவருக்கு முந்தைய நூற்றாண்டு ஐரோப்பிய மருத்துவர்கள் பலரும் நம்பினார்கள். நமக்கும் இது புதிதில்லை. 'அந்தக் காலத்தில் களையெடுக்கப் போன இடத்தில் வரப்பில் பெற்றுப் போட்டுவிட்டு மறுபடி வேலைக்குப் போவார்கள்' என்று எத்தனை பேர் சொல்லக் கேட்டிருப்போம். கூலி போய்விடும் என்பதால் எழுந்து போன பெண்ணைக் காட்டி, அவளுக்கு வலிக்கவில்லை என்று சொல்லும் கதை அது. அவளை யாரும் கேட்டதில்லை.

இஸ்ரேலின் பீர்ஷேபா நகர மருத்துவமனையில் 1990களின் இறுதியில் நடந்த ஓர் ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டியது. யூதப் பெண்களும் பெதூயின் அரபுப் பெண்களும் தங்கள் வலிக்குத் தாங்களே மதிப்பெண் கொடுத்தபோது, இரு தரப்பும் ஏறத்தாழ ஒரே எண்ணைத்தான் சொன்னார்கள். அதே பெண்களின் வலியை மருத்துவரும் தாதியரும் மதிப்பிட்டபோது, பெதூயின் பெண்களுக்கு வலி குறைவு என்று குறித்தார்கள். சத்தம் போடாமல் இருக்க வளர்க்கப்பட்ட பெண்ணின் வலி, பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

பெண்ணைக் கேட்காமல் வலியைத் தீர்க்கப் போனவர்கள் எவ்வளவு தூரம் போனார்கள் என்பதற்கு ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரைப் பார்க்க வேண்டும். 1906 வாக்கில் அங்கே கார்ல் காஸ், பெர்ன்ஹார்ட் க்ரோனிக் என்ற இருவர் மார்ஃபினையும் ஸ்கோபோலமைனையும் கலந்து கொடுத்து 'அந்தித் துயில்' என்ற முறையைப் பரப்பினார்கள். மார்ஃபின் அளவு சிறியது. வலியை அது முழுதாக அடக்காது. ஸ்கோபோலமைன் நினைவு பதிவதைத் தடுக்கும். ஒரு பொருளைக் காட்டிவிட்டுச் சற்று நேரம் கழித்து மறுபடி காட்டுவார்கள். முன்பு பார்த்தது ஞாபகம் இல்லையென்றால் மருந்து போதும் என்று பொருள். கண்ணைக் கட்டி, காதில் பஞ்சடைத்து வைத்திருப்பார்கள். பெண்கள் அலறினார்கள், திமிறினார்கள். விழித்ததும் எதுவும் நினைவில்லாமல் குழந்தையை வாங்கிக்கொண்டார்கள். 1914ல் அமெரிக்கப் பத்திரிகைகள் இதைக் கொண்டாட, பெண் உரிமைக்காகப் போராடிய பலரே இதைக் கேட்டு இயக்கம் நடத்தினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வலியைப் பொறுத்துக்கொள்வதே பெண்ணின் கடன் என்று மருத்துவமும் மதமும் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. நிவாரணம் கேட்டதே துணிச்சல். ஆனால் கிடைத்தது நிவாரணமாக இல்லை. மருந்து குழந்தைக்கும் போய் மூச்சைத் தளர்த்தியது.

நினைவு இல்லையென்றால் வலித்ததாகக் கொள்ளலாமா? எளிதான கேள்வி இல்லை. ஏனென்றால் சாதாரணப் பிரசவத்திலும் நினைவு தன் போக்கில் திருத்தி எழுதுகிறது. பிள்ளை முகம் பார்த்ததும் வலி மறந்துவிடும் என்பார்கள். ஸ்வீடனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கேட்ட ஆய்வு 2009ல் வெளியானது. பிரசவமாகி இரண்டு மாதத்தில் சொன்னதைவிட வலி குறைவு என்று ஐந்து ஆண்டு கழித்துச் சொன்னவர்கள் ஏறத்தாழப் பாதிப் பேர்தான். மூன்றில் ஒருவர் அதே அளவைச் சொன்னார். ஆறில் ஒருவர் கூடுதலாகவே நினைவுகூர்ந்தார். மொத்த அனுபவமும் மோசமாக இருந்தது என்றவர்களுக்கு வலியின் நினைவு மங்கவே இல்லை. இஸ்ரேலில் நடந்த இன்னொரு ஆய்வு, எத்தனை மணி நேரம் வலித்தது என்பது நினைவில் அவ்வளவாகத் தங்குவதில்லை, உச்சமும் முடிவும்தான் தங்குகின்றன என்றது. கடைசி ஒரு மணி நேரத்தில் அவளிடம் எப்படிப் பேசினார்கள் என்பது பல ஆண்டுகளுக்குக் கூடவே வரும் என்று இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன்.

பேச்சுக்கும் கூட இருப்பதற்கும் என்ன வலிமை என்று அளந்து காட்டிய ஆய்வு குவாத்தமாலாவில் நடந்தது. உறவினர் யாரையும் உள்ளே விடாத, கூட்டம் நெரியும் அரசு மருத்துவமனை. ரொபர்ட்டோ சோசா, ஜான் கென்னல், மார்ஷல் கிளாவுஸ் முதலானோர், தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் ஒரு பெண் துணையை ஏற்பாடு செய்தார்கள். மருத்துவப் பயிற்சி எதுவும் இல்லாத, முன்பின் அறிமுகமில்லாத பெண்தான். முதுகைத் தேய்த்துவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு, பேசிக்கொண்டிருப்பார். 1980ல் முடிவு வெளியானது. சிக்கலின்றிப் பெற்றவர்களில், துணை இல்லாதவர்களுக்குச் சராசரியாக 19.3 மணி நேரம் ஆனது. துணை இருந்தவர்களுக்கு 8.7 மணி நேரம். பிரசவத்துக்குப் பின் அவர்கள் கூடுதல் நேரம் விழித்திருந்து குழந்தையைத் தடவினார்கள், சிரித்தார்கள், பேசினார்கள். ஆய்வு சிறியது, எண்ணை அப்படியே எல்லா ஊருக்கும் பொருத்தக் கூடாது. ஆனால் திசை தவறவில்லை. 2017ல் 17 நாடுகளைச் சேர்ந்த, 15,000க்கும் மேற்பட்ட பெண்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, தொடர்ந்து துணை இருந்தவர்களுக்கு சிசேரியனும் வலி மருந்தும் குறைந்திருந்தன, பிரசவத்தைக் கசப்பாக நினைவுகூர்பவர்களும் குறைந்திருந்தார்கள்.

கனடாவின் எலன் ஹாட்னெட் 2002ல் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வறிக்கைகளைப் படித்துச் சொன்ன முடிவு பலரை வியக்க வைத்தது. பிரசவ அனுபவம் நிறைவாக இருந்ததா என்பதை வலியின் அளவு பெரிதாகத் தீர்மானிக்கவில்லை. எதிர்பார்த்தபடி நடந்ததா, ஆதரவு கிடைத்ததா, கவனித்துக்கொண்டவர்களோடு உறவு எப்படி இருந்தது, முடிவுகளில் தன் சொல்லுக்கு இடம் இருந்ததா என்ற நான்கும்தான் முன்னே நின்றன. வலி வேறு, வதை வேறு. கடும் வலியிலும் வதைபடாமல் இருக்க முடியும். வலி குறைந்தும் வதைபட முடியும்.

நம் லேபர் வார்டுகளில் வதை எங்கிருந்து வருகிறது என்று பெற்றவர்களைக் கேட்டால் தெரியும். பிள்ளை உண்டானபோது இனித்ததா, இப்போது கத்துகிறாயே என்ற பொருள்படும் ஏச்சு. திரையில்லாத கட்டில். எத்தனை பேர் வந்து உள்பரிசோதனை செய்தார்கள் என்று கணக்கே இல்லாதது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது ஒரு பெண் துணை உடனிருக்கலாம் என்ற ஏற்பாடு பல மாநிலங்களுக்கு முன்பே வந்துவிட்டது; 2016ல் மத்திய சுகாதார அமைச்சகமும், தானும் பிள்ளை பெற்ற ஒரு பெண்ணை உடனிருக்க அனுமதிக்க வழிகாட்டியது. அம்மாவோ அக்காவோ அத்தையோ தலைமாட்டில் நின்றால் ஏச்சும் குறையும். இடமில்லை, தொற்று வரும் என்று சொல்லி அவர்களை வாசலிலேயே நிறுத்தும் இடங்களும் இருக்கின்றன. அது மாற வேண்டும்.

துணையைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு மருந்தைத் தாழ்த்தினால் டிக்-ரீட் செய்த தவறையே செய்தவனாவேன். முதுகின் கீழ்ப்பகுதியில், தண்டுவடத்தைச் சுற்றிய உறைக்கு வெளியே மெல்லிய குழாயைச் செருகி, மரக்கச் செய்யும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடும் எபிடூரல்தான் இன்று இருப்பதில் மிக வலுவான நிவாரணம். அது சிசேரியன் வாய்ப்பைக் கூட்டுவதில்லை என்று பல ஆய்வுகளின் தொகுப்பு காட்டியிருக்கிறது. ஆயுசுக்கும் முதுகு வலி வரும் என்று இங்கே பரவலாக நம்புகிறார்கள். நீண்டகால முதுகு வலியில் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் வேறுபாடு தென்படவில்லை. இரத்த அழுத்தம் இறங்கலாம், காய்ச்சல் வரலாம், முக்கும் கட்டம் சற்று நீளலாம். இவற்றைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். வேறொரு குறை பெரிது. பணம் கட்டக்கூடியவர்களுக்கே பெரும்பாலும் அது கிடைக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 45 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். அதற்குக் காரணங்கள் பல. வலியைப் பற்றிய பயமும் அவற்றில் ஒன்று என்பது மகப்பேறு மருத்துவர்கள் அறிந்ததே. அந்தப் பயத்துக்கு அறுவையைத் தவிர வேறு விடையை நாம் அவள் கையில் கொடுத்திருக்கிறோமா? உலக சுகாதார நிறுவனம் 2018ல் வெளியிட்ட வழிகாட்டுதல், விரும்பிய துணை, நடமாடவும் விரும்பிய நிலையில் இருக்கவும் உரிமை, மூச்சும் தளர்த்தலும், பிடித்துவிடுதல், கேட்டால் எபிடூரல் என்று எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் வைக்கிறது. எது வேண்டும் என்பதை அவள் விருப்பத்துக்கு விடுகிறது.

அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக மருத்துவமனையின் தாதியர், பிரசவ அறையில் வலிக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்லச் சொல்வதைப் போதாது என்று கண்டார்கள். எட்டு என்று சொல்லிவிட்டுத் தாளத்தோடு மூச்சுவிட்டுக்கொண்டு தைரியமாக இருப்பவளும் உண்டு. ஐந்து என்று சொல்லிக் கலங்கிப்போய் இருப்பவளும் உண்டு. முதல் பெண்ணுக்கு மருந்து வேண்டுமா என்று ஒவ்வொரு மணி நேரமும் கேட்டுத் தொந்தரவு செய்வதும், இரண்டாமவளை ஐந்துதானே என்று விட்டுவிடுவதும் நடந்தது. ஆகவே எண்ணுக்குப் பதிலாக, எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்ற கேள்வியை வைத்தார்கள். 2010ல் அந்த முறையை வெளியிட்டார்கள். சமாளிக்கிறேன் என்றால் அவள் போக்கில் விட்டு உடனிருக்கிறார்கள். முடியவில்லை என்றால் வெந்நீர், நடை, இடுப்பை அழுத்திவிடுதல், துணை, மருந்து என்று அவள் கேட்கும் ஒன்றைக் கொடுத்துவிட்டு, சற்று நேரத்தில் திரும்ப வந்து மறுபடி கேட்கிறார்கள்.